முதலில் சொல், அப்புறம் பிடி

பெயரில் என்னவோ பொறுமை இருக்கட்டும் என்றுதான் சந்திரமதி என்று வைத்தார்கள். அது பெயரோடு நின்றுவிட்டது. ஆறு வயதுச் சந்திரமதி கடித்தாள். விளையாட்டுக் கடி இல்லை. பல் பதிந்து ரத்தம் கட்டுகிற கடி. குளிக்க இழுத்தால் கடி, தலை பின்ன உட்கார வைத்தால் கடி. தீவுத் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோ குவார்ட்டர்ஸில் அவளிடம் கடிபடாதவர் யாராவது இருந்தால், அவர் போன வாரம்தான் குடிவந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மாவின் கையையும் ருசி பார்த்துவிட்டதால், கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அப்பா பக்தவத்சலம் துறைமுக வேலைக்கான சாமான்கள் இருக்கும் சர்க்கார் ஸ்டோரில் ஸ்டோர்கீப்பர். வீட்டில் புலி, வெளியில் எலி. வீட்டில் வாயைத் திறந்தால் சனியனே, மூதேவி, எருமை என்று தமிழ் அருவியாகக் கொட்டும். ஸ்டோர் கவுன்ட்டரிலோ இந்தி. அவருக்குத் தெரிந்த இந்தியை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். "க்யா சாஹியே?" என்றால் என்ன வேண்டும். "கித்னா?" என்றால் எவ்வளவு. "கல் ஆனா" என்றால் நாளைக்கு வா. எதிரில் நிற்பவர் பெரிய ஆளாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றின் வாலிலும் ஒரு "ஜி" கட்டிவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா மங்கையர்க்கரசி லால்குடியிலிருந்து மெட்ராஸ் கப்பலேறி வந்து சேர்ந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கணவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய வேகத்தில், "என் தங்கமே!" என்று பாய்ந்து சந்திரமதியை வாரி எடுத்தாள். தங்கம் அத்தையின் முழங்கையில் முத்திரை வைத்தது.

"அடியாத மாடு படியாதுடா," என்றாள் அக்கா, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே. "நீயும் உன் பொண்டாட்டியும் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. திரும்பற கப்பல்ல இவளை நான் கூட்டிட்டுப் போறேன். லால்குடியில வச்சுப் பசுவா மாத்திக் காட்டறேன் பாரு."

சந்திரமதியின் அம்மா ருக்கு அடுக்களை வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள். புருஷன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அக்காவிடம் முடியாது என்று ஒரு சொல் சொன்னதாக அவர் சரித்திரத்திலேயே இல்லை. டிக்கெட்டும் எடுத்தாயிற்று, அத்தைக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று.

மறுநாள் காலையில் ருக்கு மகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். "இன்னைக்கு இவளை ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரையும் ஒரே வீட்ல வச்சுக்கிட்டு என்னால முடியாது."

ஸ்டோரில் சந்திரமதிக்கு இடம் கிடைத்துவிட்டது. கப்பலைக் கரையோடு கட்டுகிற தடித்த வடம் இடுப்புயரத்துக்குச் சுருட்டி வைத்திருந்தது. அதன் நடுக்குழியில் இறங்கிக் குருவி கூட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டாள். சத்தமே இல்லை. பக்தவத்சலம் உள்ளுக்குள் முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

தேங்காய்க்கு அவசரம் வந்துவிட்டது. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து ஒரு மேஸ்திரியும், ராஞ்சியிலிருந்து கூலிக்கு வந்த நாலு ஆட்களும் வந்து அந்த வடம்தான் வேண்டும் என்றார்கள். பக்தவத்சலம் குழிக்குள் கையை விட்டார். உள்ளே பல் தெரிந்தது. கையை வெளியே எடுத்தார். வயிற்றிலிருந்து கிளம்பிய தமிழ், "ஏ சனி..." வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் டெல்லியிலிருந்து புதிதாக வந்த ஆபீசர் இருந்தார். இது ஸ்டோரா, மீன் மார்க்கெட்டா என்று நேற்றுத்தான் கேட்டிருந்தார்.

தமிழை விழுங்கியாயிற்று. இந்தியில் திட்டலாம் என்றால், அந்தக் கைக்குட்டை முடிச்சில் ஒரு வசவுகூட இல்லை. கவுன்ட்டரில் வசவுக்கு ஏது வேலை? மனிதர் முழித்தார். பிறகு பழக்க தோஷத்தில் குழிக்கு மேலே குனிந்து, மெதுவாக, "க்யா சாஹியே ஜி?" என்றார்.

சந்திரமதி பல்லை மூடினாள். அப்பா தன்னிடம் ஒன்றைக் கேட்கிறார் என்பதே அவளுக்குப் புதிது. அதிலும் ஜி போட்டு. பக்தவத்சலத்துக்கு அடுத்த வாக்கியம் தெரியாது, அதனால் பேசாமல் நின்றார். தமிழாக இருந்தால் அந்த இடைவெளியில் பத்து வசவு போயிருக்கும்.

"பெஹ்லே போலோ, ஃபிர் பக்டோ," என்றாள் சந்திரமதி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வந்த இந்தி.

முதலில் சொல்லு, அப்புறம் பிடி. ராஞ்சி ஆட்களுக்கு உடனே புரிந்து சிரித்தார்கள். பக்தவத்சலத்துக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"எல்லாரும் பின்னாடியே வந்து புடிச்சு இழுக்கறீங்க," என்று அவள் தமிழுக்கு வந்தாள். "எங்க இழுக்கறீங்கன்னே தெரியல. பயமா இருக்குப்பா."

பயம் என்ற சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை. திமிர் என்றுதான் இத்தனை நாளும் அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஊரில் போகிறவன் வருகிறவனை எல்லாம் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிற மனிதர், பெற்ற பெண்ணை ஒரு நாளும் கேட்டதில்லை.

"இந்தக் கயிறு அவங்களுக்கு வேணுமாம்," என்றார். "உன்னைத் தூக்கப் போறேன். தூக்கட்டுமா?"

"கொஞ்ச நேரம் ஆகட்டும்."

மேஸ்திரியிடம் திரும்பிக் கும்பிடாத குறையாக, "தோடா ருக்கோ ஜி," என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். நாலு ராஞ்சி ஆட்களும் ஒரு மேஸ்திரியும் ஒரு சர்க்கார் ஸ்டோரும் ஆறு வயதுப் பெண்ணின் சம்மதத்துக்காகக் காத்திருந்தார்கள். அவள் இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். கடிக்கவில்லை.

சாயங்காலம் இதைக் கேட்ட ருக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னையும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்," என்று சேர்த்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் அறிவிப்போடு நடந்தது. தண்ணி ஊத்தப் போறேன், ரிப்பன் கட்டப் போறேன், இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்திருக்கணும். கடி குறைந்தது. ஒரேயடியாகப் போய்விட்டதா என்றால், இல்லை. அவசரத்தில் ஒரு நாள் பக்தவத்சலம் மகளைக் குழாயடியிலிருந்து சொல்லாமல் இழுத்து மணிக்கட்டில் வாங்கிக்கொண்டார். வலி தாங்காமல் வாயைத் திறந்தவர், "தப்பு என்மேலதான் ஜி," என்று மூடினார்.

"நல்ல கூத்துடா," என்றாள் அக்கா. "பெத்த பொண்ணுகிட்ட பெர்மிஷன் கேக்கற அப்பனை எங்க ஊர்ல பார்த்ததில்ல. கப்பல் வரட்டும்."

கப்பல் வந்தது. குளியலுக்குச் சொல்லி, ரிப்பனுக்குச் சொல்லி, எல்லாவற்றுக்கும் முன்கூட்டிச் சொன்ன பக்தவத்சலம், இந்த ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லவில்லை. அத்தையை வழியனுப்பப் போகிறோம் என்றுதான் சந்திரமதி புதுக்கவுனோடு குதித்துக்கொண்டு வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

துறைமுகத்தில் ஒரே கூட்டம். கூலியாள் ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் மங்கையர்க்கரசியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவிட்டான். "யாரைக் கேட்டுடா தொட்டே?" என்று அக்கா அவனைக் குதறிய குதறலில், தமிழ் தெரியாத அந்த வங்காளத்துப் பையன் பெட்டியைப் போட்டுவிட்டு ரெண்டடி பின்வாங்கினான். குடும்ப வாகு எங்கே போகும்!

"நேரமாச்சு. வாடி," என்று அக்கா சந்திரமதியின் பக்கம் கையை நீட்டினாள்.

சந்திரமதி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "எங்கப்பா? நீ சொல்லவே இல்லையே."

"சொல்லுங்க," என்றாள் ருக்கு. அவள் குரல் அவ்வளவு கெட்டியாக இருந்து அவர் கேட்டதில்லை.

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும், ஒன்று மகளிடம், இல்லை அக்காவிடம். அக்காவை எதிர்த்துப் பேச அவரிடம் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. கவுன்ட்டர் பழக்கம்தான் மறுபடியும் கைகொடுத்தது.

"உனக்கு என்னக்கா வேணும்?"

"எனக்கென்னடா வேணும்? எனக்கு ஒரு மண்ணும் வேண்டாம். இந்தப் பொண்ணு உருப்படணும், அவ்வளவுதான்."

பக்தவத்சலம் பேசாமல் நின்றார். கப்பல் ஊதியது. அப்போதும் நின்றார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள், பெட்டியைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"அவர் போனதுலேர்ந்து அந்த வீட்ல பேச்சுக்குரலே இல்லடா," என்றாள். "கடிச்சாலும் கடிக்கட்டும், பக்கத்துல ஒரு உசுரு இருந்தாப் போதும்னு தோணிச்சு."

பக்தவத்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைத் தூக்கி வளர்த்தவளை இத்தனை வருஷத்தில் அவரும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டதில்லை. "குழந்தையை அனுப்ப மாட்டேங்கா," என்றார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்றே தெரிந்தது. "நீ போகாதே. இங்கேயே இரு."

அக்கா நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் இருந்தது, நீட்டவும் தெரியாமல் மடக்கவும் தெரியாமல். சந்திரமதி அவள் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அத்தை, கையைப் பிடிக்கப் போறேன்," என்றாள். சட்டப்படி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பிடித்தாள்.

மங்கையர்க்கரசி கடிக்கவில்லை.