போகிற போக்கில் சொன்னது

இறைச்சி அழுகிய குளிர் அறையைக் கழுவி முடித்துவிட்டார்கள். நாற்றம் மட்டும் போகவில்லை. அது படியேறி அலுவலகத்துக்குள் வந்து, கோப்புகளிலும் திரைச்சீலையிலும் என் தலைமுடியிலும் உட்கார்ந்துகொண்டது. ரோஜா வாசனை ஸ்பிரே அடிக்கச் சொன்னார் மேலாளர். அதன் பிறகுதான் குமட்டல் தாங்கமுடியாமல் போனது.

தலைமை அலுவலகத்துக்கான அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. அதை வாங்கிப்போக வந்த அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு கீழே காரில் காத்திருந்தார். மெக்கானிக் என்ன சொன்னான் என்ற வரியில் நாங்கள் நின்றுவிட்டோம்.

மோட்டார் நிற்பதற்கு முன்பே அவன் வந்து சொன்னபோது நானும் இதே அறையில்தான் இருந்தேன். மேசையைத் தட்டிச் சொன்னான்: "சார், குளிர் அறை மோட்டார் இனி தாங்காது. சரக்கை இன்னிக்கே வேற அறைக்கு மாத்துங்க. இல்லன்னா அத்தனையும் புழுதான்."

மேலாளர் புதினா மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டபடி, "பாக்கலாம்" என்றார்.

வார்த்தைகளையும் அவர் மிட்டாய் மாதிரிதான் சப்பிப் பார்ப்பார். எச்சரித்தான் என்பதற்கு நான் முதலில் 'வார்ன்ட்' என்று அடித்திருந்தேன். ரொம்ப உறைக்கிறது என்றார். 'இன்ஃபார்ம்ட்' என்று மாற்றினேன். மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது, அதுவும் ஒப்பவில்லை. கடைசியில் அவரே 'மென்ஷன்ட்' என்றார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார்.

"இது நல்லாருக்கும்மா. தொண்டையில சிக்கல."

மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான். மூன்றிலும் ஒருவன் வாய் திறந்து ஏதோ சொல்கிறான். முதலாவதைக் கேட்டவன் எழுந்து ஓடவேண்டும். இரண்டாவதைத் தெரிந்துகொண்டால் போதும். மூன்றாவதை மறந்துவிட்டாலும் யாரும் குற்றம் சொல்லமுடியாது. வார்ன்ட் என்று போனால் மேலாளர் பதில் சொல்லவேண்டும். மென்ஷன்ட் என்று போனால், அழுத்திச் சொல்லாமல் விட்டதற்காக மெக்கானிக்கின் வேலை போகும்.

ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவோம். வாசிப்பதும் நான்தான். மேலாளர் குரலைத் தாழ்த்தி, மெக்கானிக்கிடம் 'சொன்னார்' என்று மட்டும் வாசித்துவிடச் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார்.

பொய் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. நாற்றத்துக்கு மேல் அடித்த ரோஜாவைப் போல.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். "அக்கா, வீட்டுல என் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்திட்டா. குளிச்சா போதாதாம், தோலை மாத்திட்டு வரணுமாம்." மேலாளர்தான் உரக்கச் சிரித்தார். நாற்காலியை இழுத்து அவனை உட்காரவைத்து, பேனாவையும் தானே திறந்து கொடுத்தார்.

நான் வாசித்தேன். மோட்டார் நின்ற விவரம், சரக்கின் அளவு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பேனா தாளைத் தொடும் தூரத்தில் இருந்தது. அந்த வரி வந்ததும் நிறுத்தினேன். மேலாளரின் வாய்க்குள் மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"மோட்டார் பழுதைப் பற்றி மெக்கானிக் போகிற போக்கில் சொன்னார்."

அவன் பேனாவை மேசைமேல் வைத்தான்.

"போற போக்குலயா? இந்த மேசையத் தட்டித்தானே சார் சொன்னேன்? அக்காவும் இருந்தாங்களே."

மேலாளர் என்னைத்தான் பார்த்தார். "மென்ஷன்ட்னா சொன்னார்னுதானேம்மா அர்த்தம்? உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதான் அப்படி வாசிச்சேன்."

கீழே அதிகாரியின் கார் ஹாரன் அடித்தது. மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, அசிங்கமான எதையோ விரலால் தள்ளுவதுபோல் தாளை என்னிடம் தள்ளினார். அதைத் தட்டச்சுப் பொறியில் செருகி, மென்ஷன்ட்டை அழித்துவிட்டு வார்ன்ட் என்று அடித்தேன். 'எச்சரித்தார்' என்று வாசித்தேன். மெக்கானிக் அந்தச் சொல்லை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். போகும்போது சிரிக்கவில்லை.

மேலாளர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் மிட்டாய் டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

"போகட்டும். நான் 'பாக்கலாம்'னு சொன்னேன்ல? அதுக்குன்னு காலியா விட்ட அடுத்த வரியில நல்லதா ஒரு வார்த்தை தேடும்மா."

புதினாவும் ரோஜாவும் அழுகலும் சேர்ந்து மூக்கில் ஏறின. டப்பாவைத் தொடவில்லை. பிறகு, பாக்கலாம் என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்து, தாளை உருவிக்கொண்டு காரை நோக்கிப் படியிறங்கினேன்.