அறுபத்தொரு கையெழுத்து

ஆயரின் கடிதத்தைப் பாதி வாசித்த பிறகுதான் அதில் நானும் இருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பு வாசிப்பது பங்குப் பேரவைச் செயலாளரின் வேலை. செயலாளர் நான், மற்ற ஆறு நாளும் தையல்காரி. பங்குத்தந்தை உறையைக் கடைசி நிமிடத்தில்தான் கையில் திணித்தார். "மேட்டுத்தெரு சிற்றாலயத்தை மூடுவதற்கு அறுபத்தொரு பேர் கையொப்பமிட்டு ஒப்புதல் தந்ததைப் பாராட்டுகிறோம்" என்று என் வாயாலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். மூன்றாவது வரிசையில் மேட்டுத்தெரு நர்சம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

அறுபத்தொன்று எனக்கு மனப்பாடம். இரண்டு மாதத்துக்கு முன் பங்குத்தந்தைதான் என்னைக் கூப்பிட்டு, "கோயில் என் வீடு இல்லம்மா, நம்ம வீடு. மூடலாமா வேணாமான்னு ஜனங்ககிட்டயே கேட்டு எழுதிட்டு வா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெட்டிய துணிகளை வெட்டியபடி போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அறுபத்தொரு பேரில் ஐம்பத்தெட்டு பேர் மூடக் கூடாது என்றார்கள். ஓய்வுபெற்ற நர்சம்மா, "என் முட்டிக்கு அந்தக் கோயில் படிதான் தோது. செத்தாலும் என்னை அங்கருந்துதான் எடுக்கணும், எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். நீங்கள் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் மேலே போகும் என்று வாக்குக் கொடுத்தேன். அப்புறம், பேசியதற்கு அடையாளமாகத் தனித்தாளில் ஆளுக்கொரு கையெழுத்து. தலைப்பு எழுதவில்லை. தாயும் பிள்ளையுமாகப் பழகிய ஜனத்திடம் தலைப்பு எதற்கு என்றிருந்தது. தையலுக்குத் துணி விடுவதுபோல மேலே நாலு விரல் இடம் மட்டும் விட்டு வைத்திருந்தேன்.

அறிவிப்பை வாசித்து முடித்ததும் நேரே ஆடை மாற்றும் அறைக்குப் போனேன். நான் தைத்துக் கொடுத்த பூசை உடையைப் பங்குத்தந்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதின பதினாறு பக்கம் எங்க ஃபாதர்?"

"பத்திரமா இருக்கு. அவ்வளவையும் மேல யார் படிப்பாங்க? கையெழுத்துத் தாளை மட்டும் அனுப்பிச்சேன்."

"அது ஒப்புதல் இல்லையே. தாள்ல நான் விட்டிருந்த இடத்துல ஒப்புதல்னு எழுதினது யாரு?"

"வாரத்துக்கு பத்து பேர் வர்ற இடம்மா அது. நாளைக்கே கூரை யார் தலையிலயாவது விழுந்தா பதில் சொல்லப்போறது நானா நீயா?" மடிப்பை நீவிவிட்டார். "நீ நம்ம ஆளுன்னு நினைச்சேன்."

கூரை பழையதுதான், அதை நான் மறுக்கவில்லை. அதை ஜனங்களிடம் சொல்லிக் கேட்டிருக்கலாமே. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இங்கே கத்தரியைச் சாணை பிடித்துக் கொடுத்ததும் நான்தான் என்பது அவரை விட என்னை அதிகம் எரித்தது. வெளியே வந்தபோது ஜனம் அங்கங்கே கூட்டமாக நின்றிருந்தது. என்னைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள்.

மறுநாள் காலையில் புதுத்தாளோடு நர்சம்மா வீட்டுக்குப் போனேன். இந்த முறை மேலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: 'சிற்றாலயத்தை மூட நாங்கள் ஒப்புதல் தரவில்லை.' ஆயரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். நர்சம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. தாளை இரண்டு முறை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பேனாவுக்குக் கை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரியில மருந்து எழுதின தாள்ல மிச்ச இடத்தை வெறுமனே விட மாட்டோம்" என்றார். "வேற யாராவது எதையாவது சேத்துடுவாங்க."

என் எழுத்துக்குக் கீழே, இடது ஓரத்திலிருந்து தாளின் வலது அடிமூலை வரை, குறுக்காக ஒரு கோடு இழுத்தார். பேனாவை மூடித் தாளின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். அதில் இனி யாரும் கையெழுத்துப் போட இடமில்லை.