சீமை மோட்டாருக்கு ஒரு குடம் தண்ணீர்

விடியற்காலை ஐந்து மணிக்கே புத்தூர் கடலை மில்லில் மூட்டை விழும் சத்தம் தொடங்கிவிடும். முனிசாமியும் மற்ற ஆட்களும் வண்டியிலிருந்து மூட்டைகளை முதுகில் வாங்கி வந்து தரையில் கவிழ்ப்பார்கள். பெண்கள் அதன்மேல் தண்ணீர் தெளித்துப் புரட்டிவிடுவார்கள். ஈரம் பட்டால்தான் பருப்பு உடையாமல் தோல் கழலும். தூசி தொண்டையை அடைக்கும், காலடியெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவே, காய்ந்த சாக்கு விரித்த மரப்பலகை மேல் நின்று மோட்டார் போடுகிறவன் கன்னையா.

இன்று அவன் பலகையில் ஏறவில்லை. ஸ்டார்ட்டரின் கைப்பிடியைப் பார்த்தபடி எட்டி நின்றான். 

கன்னையாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள் குலம் விசாரிப்பதுபோல, எந்த மோட்டாரைக் கண்டாலும் முதலில் நாட்டைத்தான் விசாரிப்பான். இங்கிலாந்து என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஜெர்மனி முரடு, ஆனாலும் உழைக்கும். ஜப்பான் என்றால் உதட்டைப் பிதுக்குவான். கோயம்புத்தூர் என்று சொல்லிவிட்டால் பேச்சையே மாற்றிவிடுவான்.

அந்தக் கோயம்புத்தூர் மோட்டார்தான் இரண்டு வருஷம் இந்த மில்லை ஓட்டியது. அதன்மேல் நம்பிக்கை இல்லாததால் கன்னையாவே குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, கசியும் கரண்ட்டு மண்ணுக்குள் போய்விட மோட்டார் உடம்பிலிருந்து தாமிரக் கம்பி இழுத்து எர்த்து போட்டான். மண் காயக்கூடாது என்று தினமும் விடிந்ததும் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவான். "கோயம்புத்தூர் சாமிக்கு அபிஷேகம் ஆச்சாண்ணா?" என்று தோல் கூட்டும் சென்னம்மா கிண்டல் செய்வாள். அந்த மோட்டார் ஒருவரையும் கடித்ததில்லை.

போன மாதம் முதலாளி ஆதிநாராயணன் மெட்ராஸ் ஏலத்தில் பெரிய மோட்டார் ஒன்றை எடுத்து வந்தார். அதன் பித்தளைத் தகட்டில் இங்கிலாந்து என்று பொறித்திருந்தது. கன்னையா புளி போட்டுத் தேய்த்து அந்தத் தகட்டைப் பளபளக்க வைத்தான். கூடத்தின் மறுகோடியில் மேடை கட்டியபோது முதலாளி கேட்டார், "இதுக்கும் எர்த்து வேணுமாப்பா?"

"சீமை மோட்டாருக்கு எர்த்து எதுக்கு மொதலாளி? அவன் செஞ்சா கரண்ட்டு வெளிய வராது" என்றான் கன்னையா, சிரித்துக்கொண்டே.

நான்கு நாளைக்கு முன் சென்னம்மா அதன் அடியில் தோல் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரும்போது மோட்டாரில் கை ஊன்றினாள். கை ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கன்னையா ஓடிப்போய்க் கைப்பிடியை இறக்குவதற்குள் மூன்று விரல்கள் கருகிவிட்டன. இப்போது திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். முனிசாமியின் மனைவி அவள்.

அன்று சாயங்காலம் கன்னையா ஒரு பல்பை எடுத்து, ஒரு கம்பியைச் சீமை மோட்டாரின் உடம்பிலும் மற்றதைப் பழைய எர்த்துக் குழியிலும் வைத்துப் பார்த்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. மோட்டார் உடம்பிலேயே கரண்ட்டு இருந்தது; அன்று நின்ற மில் இன்றுதான் மறுபடி ஓட வேண்டும்.

"ஏமிரா கன்னையா, இன்னும் மோட்டார் போடலியா?"

முதலாளி வந்துவிட்டார். கையில் தெலுங்கில் எழுதிய ஒரு காகிதம்.

"பத்து மணிக்குச் சித்தூர்லேர்ந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. இதுல கையெழுத்துப் போடு. எழுதியிருக்கறது இதான்: நீ தொடாதன்னு சொல்லியும் அந்தப் பொம்பள ஈரக் கையோட தொட்டுட்டா. அவ்ளோதான்."

"நான் அப்டிச் சொல்லலியே மொதலாளி."

முதலாளி அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "எர்த்து வேணாம்னு சொன்னது யாரு? அத நான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா நீ ஜெயிலுக்குப் போவ. முனிசாமி காதுல போட்டா ஜெயில் வரைக்கும்கூடப் போவமாட்ட. ஆந்திரா எல்லை பிரிக்கறப்போ உங்க தமிழ் ஊரு மெட்ராஸ் பக்கம் போவுதாம். இங்க உனக்காகக் கேக்கறதுக்கு எவன் இருக்கான்? கையெழுத்தப் போட்டுட்டு மோட்டார ஓட்டு."

 உண்மையைத்தான் சொல்கிறார் மனிதர். கன்னையா பேனாவை வாங்கினான்.  அதைப் பிடித்த தன் விரல்களைப் பார்த்ததும் சென்னம்மாவின் விரல்கள் கண்முன் வந்தன. பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு நடந்தான்.

"முனிசாமி. மூட்டைய எறக்கு. ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். எதையும் மறைக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்தது, சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றது, பல்பு எரிந்தது எல்லாம் சொன்னான். பெண்கள் கடலை புரட்டுவதை நிறுத்திவிட்டார்கள். முனிசாமி கிட்டே வந்தான். அடி விழப்போகிறது என்று கன்னையா கண்ணை மூடிக்கொண்டான்.

"எர்த்து இருந்திருந்தா?"

"ப்யூஸ் போயிருக்கும். கை பொழச்சிருக்கும்."

முனிசாமி, பின்னாலேயே வந்து நின்ற முதலாளியைப் பார்த்தான். 

"நீ வேணாம்னே. சரி. அவரு ஏன் ஒத்துக்கினாரு? அவருக்குத் தெரியாதா?"

"தெலுசு" என்றான் மோட்டாருக்குப் பெல்ட் மாட்டுகிற கங்கையா, தன்னையும் மறந்து. நகரி ரோட்டுத் தெலுங்கன் அவன். "தெரியும்ப்பா. எர்த்து இல்லாம மோட்டாரு ஓட்டக்கூடாதுன்னு ஆபீசு செவுத்துல தெலுங்குல ஒட்டியிருக்கு. நான் படிச்சேன். படிச்சும் சொல்லல. எனக்கும் பயம்."

"கங்கையா," என்றார் முதலாளி, "நீ மனவாடு, நம்ம ஆளு. நீயும் இவங்களோட சேந்துக்கறியா?"

"மோட்டாரு சென்னம்மாவ எந்த ஊருன்னு கேட்டுட்டா புடிச்சுது மொதலாளி?"

முனிசாமி மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்தான். கன்னையா பின்வாங்கினான். முனிசாமி அவனைத் தாண்டிப் போய், சீமை மோட்டாரின் மேடைக்குப் பக்கத்தில் தரையில் ஓங்கிக் குத்தினான்.

"என் மில்லுத் தரையத் தோண்ட நீங்க யாரு? போலீசுக்கு ஆளனுப்பறேன். ஒருத்தன்கூட நாளைக்கு இந்தக் கேட்டுல நுழைய முடியாது."

"அனுப்புங்க மொதலாளி" என்றாள் மல்லிகா, தண்ணீர் தெளிக்கும் பெண்களில் மூத்தவள். "எர்த்து போடற வரைக்கும் நாங்களும் நுழையறதா இல்ல."

முதலாளி விடுவிடுவென்று போய்விட்டார். கங்கையா மண்ணை அள்ளினான். டீக்கடையிலிருந்து கரி வந்தது, மல்லிகா வீட்டிலிருந்து உப்பு வந்தது. கன்னையா பழைய மோட்டாரின் தாமிரக் கம்பியைக் கழற்றி இழுத்து வந்தான். மோட்டாரில் முடுக்கப் போனவனை முனிசாமி தடுத்தான்.

"மாட்டாத. மொதல்ல இன்ஸ்பெக்டரு எர்த்து இல்லாததப் பாக்கட்டும். நீ அவருகிட்டயும் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. அவ கை எனக்கு ஆறாது. ஆனா சொல்லும்போது பக்கத்துல நிப்பேன்."

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து குடத்தைக் குழியில் கவிழ்த்தார்கள். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரோ, போலீசோ, தெரியவில்லை.  ஓடிவிடலாமா என்றுகூட கன்னையாவுக்கு ஒரு கணம் தோன்றியது. பழக்கத்தில் அவன் கால் காய்ந்த பலகையைத் தேடிப் போனது. பிறகு அதை விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஈரத் தரையில் முனிசாமிக்கும் கங்கையாவுக்கும் நடுவில் வந்து நின்றான்.