டீகன் வீட்டுச் சீலிங்கில் ஒரு வட்டம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர்க் குளிரில் பக்கத்து வீட்டுப் பின்னறைக்குச் சூடு போகவில்லை. நாங்கள் போக வைத்தோம். இதை எழுத உட்கார்ந்து பதினொரு நாளாகிறது.

முதல் தொடக்கம்: ‘ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிரோடி ஏணியைச் சாய்த்தபோது, வானம்—’

(வேண்டாம். வானத்துக்கு இதில் வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘தவறு முழுவதும் பிரோடியுடையது.’

(பொய். வாக்கியம் கச்சிதமாக இருந்ததால் இரண்டு நாள் வைத்திருந்தேன்.)

2

பிரோடி என் பக்கத்து வீட்டுக்காரன். அவன் மனைவி டீகனுக்கு அப்போது எட்டு மாதம். பிள்ளைக்கென்று ஒதுக்கிய பின்னறையில் மட்டும் ஹீட்டர் காற்று வர வழி இல்லை. இங்கே சின்ன வேலைக்கு ஆள் கூப்பிடுவது ஆண்பிள்ளைக்கு இழுக்கு. ஒரு சனிக்கிழமையும் ஓர் ஏணியும் ஒரு பக்கத்து வீட்டுக்காரனும் போதும். கூரைக்குள் ஓடும் சூட்டுக் குழாயில் ஒரு கிளை பிரித்து, அறையின் சீலிங்கில் வட்டமாக வெட்டி, அதில் கிளையை மாட்ட வேண்டும். நான் மேலே, கூரைக்குள். அவன் கீழே, ரம்பத்தோடு.

ஏறும்போதே நான் முகமூடி மாட்டியிருந்தேன்.

“என்ன மச்சான், ஆபரேஷனா பண்ணப் போற?”

“தூசி ஒத்துக்காதுடா.”

“தூசிக்கே இப்படியா? புள்ள பொறந்ததும் டயப்பர் மாத்த உன்னத்தான் கூப்பிடுவேன், பாத்துக்க.”

முன்னறையிலிருந்து டீகன் சிரித்தாள். “அவரை விடு பிரோடி. நீ கோணாம வெட்டு, அது போதும்.”

3

இந்த இடத்தில் கதைசொல்லி மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. தூசி அவனுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். பிறகு ஏன் முகமூடி?

இரண்டு வீடுகளையும் ஒரே ஆள், ஒரே வருடம் கட்டினான். என் வீட்டை வாங்கியபோது தந்த பரிசோதனை அறிக்கையில் ஒரு வரி: பின்னறைச் சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அறுக்கக் கூடாது.*

‘இருக்கலாம்’ என்றுதானே போட்டிருக்கிறது என்று என் மூக்கை மட்டும் மூடிக்கொண்டேன். ரம்பம் ஓடத் தொடங்கியதும் “நிறுத்துடா” என்று கத்த வாயைத் திறந்—

(திறக்கவில்லை. இன்னொரு கிண்டலுக்குப் பயந்தேன்.)

வட்டம் விழுந்தது. பிரோடியின் தலையெல்லாம் வெள்ளை. இறங்கி வந்து ஹீட்டரைப் போட்டது நான்தான். ஹீட்டருக்குக் காற்றை உள்ளிழுக்கும் கம்பிவலை நடைவழியில் இருந்தது; அது பின்னறைத் தூசியையும் சேர்த்து இழுக்க, ஹீட்டர் அதை வீடு முழுக்க ஊதியது. முன்னறையில் குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்த டீகன் முகத்தைக் காற்றுக்கு நேராகத் தூக்கினாள்.

“அப்பாடா, என்ன சுகமா இருக்கு!”

* நான் வளர்ந்ததே அந்த ஷீட்டுக்கு அடியில்தான். உடைக்காதவரை பெரும்பாலும் சும்மா கிடக்கும். அறுத்தால் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; முப்பது வருடம்கூடப் பொறுத்திருக்கும்.

4

வெட்டிய வட்டத்தில் ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்.

முடிவு அ: வெறும் சிமெண்ட் அட்டை. எல்லோரும் சிரிக்கிறோம்.

முடிவு ஆ: [மூன்று முறை முயன்றேன். குழந்தைக்கு முப்பது வயதாகும்வரை எழுத வேண்டியிருக்கிற]

நேற்று பதில் வந்தது. முடிவு அ-வை அடித்துவிடுங்கள்.

5

பெண் குழந்தை. மூன்று வாரம் ஆகிறது. அந்த அறையில்தான் தூங்குகிறாள், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

சற்று முன் டீகன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

“என்ன எழுதுறீங்க?”

“கதை.”

“நாங்க இருக்கோமா அதுல?”

“இருக்கீங்க.”

நோட்டை எட்டிப் பார்த்தாள். “அய்யோ, உங்க ஊர் எழுத்தா? எனக்கு ஒண்ணும் புரியாதே. நீங்களே சொல்லுங்க.”

மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவன் நான். அவளுக்குப் புரியக்கூடாது என்றுதான் இதைத் தமிழில் எழுதினேன்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவள் இன்னும் வேலியோரம்தான் நிற்கிறாள். குழந்தைக்குக் குளிரும், உள்ளே கொண்டுபோய்விடுவாள். அவளிடம் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது? நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம்.