துறைமுகத்து வெண்கலத் தாய்

சிலையை மூடியிருந்த துணி விழுந்ததும் கூட்டம் கைதட்டியது. அசம்ப்டா மட்டும் தட்டவில்லை. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய பிள்ளைகளைப் பார்த்தபடி துறைமுகச் சுவரோரம் நிற்கும் அந்த வெண்கலத் தாய்க்கு அவள் முகம்தான். அது எல்லாருக்கும் தெரியும். ஒரு வருஷமாக ஊரே அதைச் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டிருந்தது. ஆனால் தாயின் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. காலடியில் ஜெபமாலை கிடந்தது.

கை காலியாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தான் சிலை செய்த பாவி!

"ஏம்மா அசம்ப்டா, சூப் வாங்கக் கிளம்பிட்டியா?" என்று பின்னாலிருந்து மதுக்கடை மாலகி கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். அவன் ஒன்றும் தெரியாமல்தான் கத்தினான். தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான். உருளைக்கிழங்கு அழுகி ஜனங்கள் செத்து விழுந்த காலத்தில், சில புராட்டஸ்டண்ட் போதகர்கள் கொப்பரை வைத்து சூப் ஊற்றினார்கள். கத்தோலிக்கக் கோவிலை விட்டு வந்தால்தான் ஊற்றினார்கள். குடித்தவர்களில் பலர் பஞ்சம் தீர்ந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள். வந்து என்ன பிரயோஜனம்? நூற்றைம்பது வருஷமாகியும் அயர்லாந்தின் இந்த மேயோ கடற்கரையில் 'சூப் குடித்த குடும்பம்' என்ற பெயர் போகவே இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெயரோடு பிறந்தவள்தான் அசம்ப்டாவின் அம்மா சபீனா. பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு போதுமென்று, இந்தப் பக்கம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப்பற்றி மூச்சு விடவில்லை. எண்பது வயசாகியும் ஞாயிறு பூசைக்கு முதல் பெஞ்சில் இருப்பாள். ஊரில் அவ்வளவு நல்ல பேர். மகளிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். "என் பெட்டியை மண்ணுல இறக்கற வரைக்கும் இது வெளிய வரக் கூடாதுடி" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதைத்தான் அசம்ப்டா லோர்கனிடம் சொன்னாள். சிற்பி லோர்கன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். குளிர்காலம் முழுக்க அவன் கொட்டகையில் அடுப்போரம் அவள் உட்கார்ந்திருக்க, அவன் களிமண்ணில் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். "கண்ணுல ஏதோ குறையுது. மனசை உறுத்தற மாதிரி எதையாவது நினைச்சுக்கோ" என்றான் ஒருநாள். அன்று அந்த சூப்பை வாங்கிய, அம்மாவின் கொள்ளுப்பாட்டியை அவள் நினைத்தாள். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். சொன்னாள், சொல்லி அழுதாள். "என்னோட போகும்" என்று அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

இப்போது அதே லோர்கன் ஒலிபெருக்கி முன் நின்றான்.

"இந்த முகத்தைக் குடுத்த அசம்ப்டாதான் இந்தக் கதையையும் குடுத்தா. அவங்க அம்மா வழியில ஒரு தாய். ரெண்டு பிள்ளைங்க கப்பல்ல போயாச்சு, கடைசிக் குழந்தை சாகக் கிடக்கு. ஜெபமாலையை வீசிட்டு அந்த சூப்பை வாங்கினா. அந்தக் குழந்தையோட பேத்தி சபீனாம்மா, இதோ முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க!"

கைதட்டல் தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. மாலகி தலையைக் குனிந்துகொண்டான். சபீனாவின் பக்கத்து நாற்காலிக்காரி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அசம்ப்டா மேடையோரம் போய் லோர்கனின் சட்டையைப் பிடித்தாள். "சிலுவை போட்டுச் சொன்னியேடா!"

"உண்மைதானே அசம்ப்டா? இதுல வெட்கப்பட என்ன இருக்கு? டப்ளின்ல சிலையை வார்க்கறப்போ பார்த்தவங்க எல்லாம் அழுதுட்டாங்க, தெரியுமா?"

"டப்ளின்காரங்க அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நாங்க இங்க இருக்கணுமேடா, வெட்கங்கெட்டவனே!"

சபீனா தடியை ஊன்றி எழுந்து சிலைக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். கிண்ணத்தை அவள் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அசம்ப்டா ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, அந்தத் துரோகி இப்படிப் பண்ணுவான்னு நான் கனவுலகூட..."

"அவனை ஏன் திட்டற?" என்றாள் சபீனா. "அவன் எனக்கு யாரு? அவன்கிட்டயா நான் சத்தியம் வாங்கினேன்?"

அசம்ப்டாவின் கை அம்மாவின் தோளிலேயே இருந்தது.

"கையை எடு" என்றாள் அம்மா. எடுத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே நடக்க ஆரம்பித்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது; தேவைக்கு மேலேயே விலகி நின்றது.