ஒன்றரை எம்.பி. ரன்டைம்

‘ரன்டைமை இறக்க முடியவில்லை. இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.’

காலையிலிருந்து மூன்றாவது முறையாக அதே செய்தி திரையில் வந்து உட்கார்ந்தது.

"இணையத்துக்கு நான் எங்கம்மா போறது?" என்றார் தலைமை ஆபரேட்டர். "ஊரே குடிக்கிற தண்ணி இது. இந்த ரூமுக்குள்ள நெட்டும் வராது, போனும் வராது. ஆர்டர் குடுத்தப்பவே சொன்னேனே!"

சொல்லியிருந்தார். அவளும் அதை வீட்டில் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள்.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை அது. எந்தத் தொட்டியில் எவ்வளவு குளோரின் கலப்பது என்று கணக்குப் போடும் மென்பொருளை ஒன்றரை வருடம் உட்கார்ந்து எழுதியவள் அவள். அது ஓட வேண்டுமானால் கணினியில் ரன்டைம் என்கிற துணை மென்பொருள் இருந்தாக வேண்டும். ஹோல்டர் இல்லாமல் பல்பை எங்கே மாட்டுவது? நிறுவனம் என்று பெயரே ஒழிய, ஆட்கள் அவளும் கணவரும்தான். எழுதுவது அவள்; அதை மூட்டை கட்டி இன்ஸ்டாலர் ஆக்குவது அவர். கிடைத்த முதல் பெரிய ஆர்டர் இது. இரண்டு மணிக்கு மேற்பார்வைப் பொறியாளர் வருவார். அதற்குள் ஓடாவிட்டால் ஆர்டர் ரத்து. மணி பன்னிரண்டு.

போன் வாசலில் காவலாளியிடம் இருந்தது. இரும்புப் படிகளில் இறங்கி, வடிகட்டும் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிட நடை.

"என்னங்க, ரன்டைமை உள்ள வச்சுத்தானே குடுத்தீங்க?"

"பின்ன? காலையிலயே சேர்த்தாச்சு. இங்க ஜோரா ஓடுதே!" என்றார் கணவர்.

"அங்க ஏன் ஓடாது? உங்க மெஷின்ல அது நாலு வருஷமா குடியிருக்கு. எந்த ஃபைலைச் சேர்த்தீங்க?"

"ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு அறுபது எம்.பி., இன்னொண்ணு ஒன்றரை. சின்னதைச் சேர்த்தேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை எம்.பி. கோப்பு ரன்டைமே அல்ல; இணையத்துக்குப் போய் ரன்டைமை எடுத்துவரும் எடுபிடி. இணையமே இல்லாத அறைக்கு அந்த எடுபிடியை அனுப்பி வைத்திருக்கிறார் மனுஷன்!

"விளம்பரத்துல ‘அஞ்சே எம்.பி.’னு போட்டிருக்கோம்மா. அறுபதைச் சேர்த்தா குண்டாயிடும்."

"குண்டானா ஆயிட்டுப் போகுது! ஒல்லியா இருந்து என்ன பிரயோஜனம், எழுந்து நிக்க மாட்டேங்குதே!"

காவலாளி சிரிப்பை மறைக்கப் பதிவேட்டைப் புரட்டினார்.

வாசல் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தாள். போன் வழியாக அறுபது எம்.பி.யை இறக்க நாற்பது நிமிடம் ஆனது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பிறகு கணவரின் பட்டியலை வைத்து இன்ஸ்டாலரைத் தானே கட்டினாள். மணி ஒன்று ஐந்து.

"ஓட்டிப் பாத்துட்டியா?" போனில் கணவர் விடவில்லை.

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் மடிக்கணினியிலும் ரன்டைம் உண்டு. இதில் ஓடினால் அது எதற்கும் சாட்சி இல்லை. இப்போது தேவை, ஒன்றுமே இல்லாத ஒரு கணினி. காவலாளியின் மேசையில் ஒரு பழைய கணினி உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்க மெஷின்ல நெட் இருக்கா?"

"இதுலயா? ஃபேன் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லம்மா. உள்ள போற பென் டிரைவை வைரஸுக்கு செக் பண்ண மட்டும்தான்."

"என்னோடதை ஒரே ஒரு தடவை இதுல ஓட்டிப் பாத்துட்டு எடுத்துடவா?"

காவலாளி தாடையைச் சொறிந்தார். "செக் பண்ணணும்னுதான் ரூல். எப்படிப் பண்ணணும்னு எழுதல. நான் பக்கத்துலயே நிப்பேன்."

ஓட்டினாள். படுத்துவிட்டது.

கணவர் எழுதி வைத்திருந்த வரிசையில் மென்பொருள் முதலில், ரன்டைம் கடைசியில்! வீடு கட்டி முடித்த பிறகு அஸ்திவாரம். பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையை மாற்றினாள், மறுபடி கட்டினாள், மறுபடி ஓட்டினாள். காவலாளியின் பழைய திரையில் குளோரின் அட்டவணை பச்சையாக மலர்ந்தது.

"இதென்னம்மா?"

"என் ஒன்றரை வருஷம்ணே."

ஓட்டமும் நடையுமாக அவள் மேலே ஏறியபோது ஒன்று ஐம்பது. மேற்பார்வைப் பொறியாளர் உள்ளே நுழைந்தபோது இரண்டாம் தொட்டியின் கணக்கு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான்கு தொட்டிகளுக்கும் ஒத்துப்போனது. கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வாரம் இன்னும் ரெண்டு நிலையத்துக்குப் போடணும்," என்றார். "அங்கயும் நெட் கிடையாது. ஒண்ணு மலை மேல. வண்டி போகாது, படி ஏறித்தான் போகணும். நீங்கதானே வருவீங்க?"

"இல்ல சார்," என்றாள் அவள், ஒரு நொடிகூட யோசிக்காமல். "என் வீட்டுக்காரர் வருவார்."