பத்ராவின் முத்துக் கிரீடம்

செத்த வீட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. நாவா குடம், கெட்டில், பூச்சாடி என்று ஒன்றுவிடாமல் முற்றத்தில் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கையில் வந்தது நீலக் கிண்ணம். இன்றைக்கு மணப்பெண்ணுக்குச் சூட்டுவதற்காக அம்மா நேற்று மணக்கும் அருவதா இலைகளை அதில் நனைத்துவைத்திருந்தாள். நாவா தண்ணீரைக் கொட்டிவிட்டாள். இலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட் திறந்தது. மணப்பெண்ணின் அம்மா சிம்ஹா.

"காலைலதான் கேள்விப்பட்டேன் நாவா. நேத்துகூட உங்கம்மா வந்து ரோனி தலையை அளந்துட்டுப் போனாங்களே!" அழுகை முட்டியது. "நான் அதுக்காக வரலை. சத்தியமா வரலை."

அதற்காகத்தான் வந்திருந்தாள், பாவம். ரோஷ் ஹாயின் ஊரில் யேமன் யூதக் குடும்பத்துப் பெண் வெறும் தலையோடு மருதாணிக்கு உட்காருவாளா? நாவாவின் அம்மா பத்ராதான் ஊர் மணப்பெண்களை அலங்கரிப்பவள். அவள் கிரீடத்தில் முத்து, மனசு வெள்ளையாயிருக்க. பவழம், வயிறு நிறைய. மார்புச் சரங்களில் வெள்ளி மணிகள், கண்ணேறை விரட்ட. ஐம்பது வருஷமாக ஊரில் எந்தப் பெண்ணும் அவையில்லாமல் மண்டபப் படி ஏறியதில்லை.

நாவாவின் அண்ணன் ஜெகர்யா உள்ளேயிருந்து வந்தார். ஜெபக்கூடத்தில் முதல் வரிசைக்காரர், மதச் சட்டம் பேசுவதிலும் முதல் வரிசைதான்.

"நகைப்பெட்டி இன்னிக்கு வாசப்படி தாண்டாது. அம்மாவை இன்னும் அடக்கம் பண்ணலை. அது முடியறவரைக்கும் நமக்கு ஜெபமே கிடையாது, இதுல கல்யாண வேலையா?"

"நான் எங்க வேலை செய்யறேன்? பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப்போறேன், அவ்ளோதான்."

"சாவு வீட்டு நகைன்னு ஊர் பேசும்."

"உன் பொண்டாட்டி தலையில வெச்சதும் இதேதான். அப்பா போய் மூணு மாசம்கூட ஆகலை அப்ப. இன்னிக்கு நாலு புள்ளைங்க. ஊர் என்ன பேசிக் கிழிச்சுது?" நாவா குரலைத் தணித்தாள். "அம்மா வாக்குக் கொடுத்துட்டா அண்ணே. செத்த அன்னிக்கே அதைப் பொய்யாக்கணுமா?"

ஜெகர்யா, "நான் எதையும் பார்க்கலை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே சாவு வீட்டு வழக்கப்படி துணி போட்டு மூடிய கண்ணாடிதான் இருந்தது.

நாவா பெட்டியையும் இலைகளையும் சிம்ஹாவின் கையில் திணித்தாள். "முதல்ல கிரீடம், அப்புறம்தான் சரம். மாத்திப் போட்டா சாயும். காதுக்கு மேல இலை."

"எனக்குச் சூட்டத் தெரியாதே நாவா."

"தெரியாட்டி என்ன அக்கா. ஊசி அதுபாட்டுக்குப் போகும்."

மதியம் பெண்கள் வந்து அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். மோதிரத்தைக் கழற்றி நாவாவிடம் கொடுத்துவிட்டு, வெறும் வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். ஊரையே அலங்கரித்தவளுக்கு ஒற்றை முத்து கிடையாதா? நாவா மோதிரத்தைக் கைக்குள் இறுக்கினாள். ஆனால் யூதர்களில் ராணி செத்தாலும் அப்படித்தான் போக வேண்டும். புறப்படும்போது மதகுருவான ரப்பி, துக்க வழக்கப்படி நாவாவின் சட்டையின் இடது கழுத்தோரத்தைக் கீறிவிட்டார். மீதியை அவளே நெஞ்சுவரை கிழித்தாள்.

சவ வண்டி குறுகிய தெருவில் திரும்பியபோது எதிரே பூச்சுற்றிய கார் ஒன்று வந்து நின்றது. பின்சீட்டில் ரோனி, கிரீடம் கூரையில் இடிக்காமல் குனிந்தபடி. காரை ஓட்டியவன் பதறிப்போய்ப் பின்னால் எடுக்கப் பார்த்தான்.

ஜெகர்யா சவ வண்டி டிரைவரின் தோளைத் தட்டினார். "நீ ஓரங்கட்டுப்பா. பிணமும் பொண்ணும் எதிர்ப்பட்டா பிணம்தான் ஒதுங்கணும். சட்டம் தெரியாதா உனக்கு?" பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "அம்மா காத்திருப்பா."

வண்டி ஒதுங்கியதும் நாவா இறங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்தாள். சொன்னது போலவே ஆகியிருந்தது. சிம்ஹா சரத்தை முதலில் போட்டுவிட்டாள். கிரீடம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"அக்கா, நான் அழட்டுமா?" என்றாள் ரோனி.

"இப்ப வேணாம். மை கரையும்."

ரோனியின் கண் நாவாவின் கிழிந்த சட்டையில் நின்றது. சட்டென்று தன் மார்புச் சரத்திலிருந்து ஓர் ஊசியை உருவி, அந்தக் கிழிசலைச் சேர்த்துக் குத்தப் போனாள். நாவா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை மூடக் கூடாதும்மா. அம்மாவுக்குக் கிழிச்சது."

ஊசியை வாங்கிக் கிரீடத்தின் இடப்பக்கத்தில் குத்தி நிமிர்த்தினாள். கதவைச் சாத்தினாள். கார் சவ வண்டியை உரசினாற்போல் மெல்லக் கடந்து போனது. கிரீடம் நேராக இருந்தது.